ஓவர்கிளாக்கிங்: ஓவர்லோடு லாரியில் லாபம் பார்க்க முடியுமா?

"மலிவா ஒரு பிராசஸர் வாங்கு தம்பி. பயாஸுக்குள்ள போய் ரெண்டு எண்ணை மாத்து. அதுக்கு மேல் விலை சிப்பு தர்ற வேகம் இதுலயே ஓசியில வந்துடும்!"

கம்ப்யூட்டர் தெரிஞ்ச எந்த அண்ணன்கிட்ட கேட்டாலும் கிடைக்கிற அறிவுரை இது. கேக்கிறவன் யாரு? பெரும்பாலும் வீட்ல நகையை அடகு வெச்சோ, அப்பா லாரி டிரிப்புக்கு வாங்கின அட்வான்ஸ்ல கொஞ்சம் ஒதுக்கியோ முதல் கம்ப்யூட்டர் வாங்கப்போற பையன். காசு இருக்கிறவன் ஒரு சிப்பைக் கருக்கினா இன்னொண்ணு வாங்கிக்குவான். இவன் என்ன பண்ணுவான்? அதனாலதான் இந்த அறிவுரை மேல எனக்கு இவ்வளவு கடுப்பு.

நான் பி.காம் படிக்கிறவன். சிப்பு வடிவமைக்கத் தெரியாது, வரவு செலவு எழுதத் தெரியும். அந்தக் கணக்குப்படி என் கட்சி இதுதான்: வேகம் வேணும்னா வேகமான சிப்பையே வாங்குங்க. ஓவர்கிளாக் பண்ணி காசு மிச்சம் பிடிக்கிற காலம் முடிஞ்சுபோச்சு.

முதல்ல எதிர்க்கட்சியோட பலமான சாட்சியையே கூண்டுல ஏத்துவோம். 1998 ஆகஸ்டில் இன்டெல் செலரான் 300ஏ-வை வெளியிட்டது. 300 மெகாஹெர்ட்ஸ், மொத்த விலை 149 டாலர். அதே சமயத்தில் வந்த பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், 669 டாலர். செலரானோட பெருக்கி 4.5-ல் பூட்டியிருந்தது. ஆனா மதர்போர்டுல பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாத்தினா 4.5 x 100 = 450. அவ்வளவுதான்! நிறைய சிப்புகள் முனகாம ஓடின. அதோட கேஷ் 128 கேபி தான்னாலும் சிப்போட முழு வேகத்தில் ஓடுச்சு. பென்டியம் 2-வோட 512 கேபி பாதி வேகத்தில்தான் ஓடுச்சு. அதனால பல வேலைகள்ல 149 டாலர் சிப்பு 669 டாலர் சிப்புக்குச் சமமா நின்னுச்சு. மறுக்கவே இல்லை, அன்னைக்கு ஓவர்கிளாக் பண்ணவன் புத்திசாலி.

ஏன் அப்படி நடந்துச்சுன்னு யோசிக்கணும். அந்தச் சிப்பு 450-ஐத் தாங்கும். ஆனா குறைஞ்ச விலைச் சந்தைக்கும் ஒரு சரக்கு வேணும், விலை உயர்ந்த சரக்கோட மதிப்பும் கெடக்கூடாது. அதனால 300-ன்னு முத்திரை குத்தி வித்தாங்க. பொருளாதாரப் பாடத்துல விலைப் பாகுபாடுன்னு படிக்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். நாமக்கல், சங்ககிரி பக்கத்து ஆளுங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தாள்ல எழுதின எடை வேற, அச்சு தாங்குற எடை வேற. அந்த ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி இருக்கிற வரைக்கும் கூடுதல் சுமை லாபம். இடைவெளி தீர்ந்த பிறகு ஏத்துற ஒவ்வொரு மூட்டையும் டயருக்கும் பட்டைக்கும் வெச்ச செலவு.

சிப்புல அந்த இடைவெளியை இப்போ கம்பெனிக்காரனே எடுத்துக்கிட்டான். 2008-ல் இன்டெல் டர்போ பூஸ்ட்டைக் கொண்டுவந்தது. அதாவது, சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தா சிப்பு தானாவே வேகத்தை ஏத்திக்கும். 2011-ல் சாண்டி பிரிட்ஜ் வந்தப்போ பஸ் கடிகாரத்தை மத்த பாகங்களோட சேர்த்துக் கட்டிட்டாங்க. 300ஏ காலத்து வித்தை அதோட காலி. 2015 கடைசியில் சில மதர்போர்டு கம்பெனிகள் சுவரேறிக் குதிக்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. 2016 பிப்ரவரியில் அதையும் அடைச்சாச்சு. இன்டெல்லில் பெருக்கியை இஷ்டத்துக்கு ஏத்தணும்னா பெயர்க் கடைசியில் 'கே' போட்ட சிப்பு வேணும், அதுக்கு 'இசட்' வகை மதர்போர்டு வேணும். ரெண்டுமே மலிவு சரக்கு இல்லீங்க!

"ஏஎம்டி இருக்கே?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 2017-ல் வந்த ரைசன் சிப்புகள்ல பூட்டு இல்லை. ரைசன் 5 1600-ஐ 1600எக்ஸ் வேகத்துக்குப் பலர் ஏத்தினாங்க, அதுக்குப் பெட்டியோட வந்த கூலரே போதுமா இருந்துச்சு. ஆனா அன்னைக்கும் ஏ320ங்கிற மலிவு மதர்போர்டுல அது நடக்காது. அடுத்தடுத்த தலைமுறைகள்ல சிப்பே தன் உச்சி வரைக்கும் தானா ஏறிக்குது. நாம கைவெச்சு எடுக்க மிச்சம் இருக்கிறது சொற்பம்.

இப்போ கணக்கை எழுதுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். வேகமான சிப்புக்கும் மலிவு சிப்புக்கும் வித்தியாசம் 5,000 ரூபாய்னு வைங்க. இது வரவு. ஓவர்கிளாக் தாங்குற மதர்போர்டுக்குக் கூடுதலா 3,000. நல்ல கூலர் 2,500. பவர் சப்ளையைக் கொஞ்சம் பெருசா வாங்க 1,000. செலவு 6,500. ஆரம்பிக்கும்போதே 1,500 நட்டம்! இதுல வாரண்டியை நான் எழுதவே இல்லை. ஓவர்கிளாக்கால போச்சுன்னா கம்பெனி கைவிரிச்சிடும். வேகமான சிப்புல எழுதின வேகத்துக்குக் கம்பெனி பொறுப்பு. நீங்க ஏத்தின வேகத்துக்கு நீங்கதான் பொறுப்பு.

அடுத்தது சூடு. சிப்பு தின்னுற மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜோட வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். வேகத்தை 20 சதவீதம் ஏத்த வோல்டேஜை 10 சதவீதம் ஏத்துறீங்கன்னா 1.2 x 1.1 x 1.1 = 1.45. அதாவது 20 சதவீத வேகத்துக்கு 45 சதவீத மின்சாரம். 65 வாட் சிப்பு 94 வாட் ஆயிடும். காத்துல ஓடுற எந்தக் கூலரும் அறையோட சூட்டுக்குக் கீழ சிப்பைக் குளிர வைக்க முடியாது. சேலத்துல ஏப்ரல் மாசம் வெயில் 40 டிகிரியைத் தொடுது. ஏசி அறையில உக்காந்து எழுதின வெளிநாட்டுக்காரனோட செட்டிங்கை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ அப்படியே போட்டா எப்படிங்க தாங்கும்?

இன்னொரு விஷயம், மெகாஹெர்ட்ஸ் மட்டுமே வேகம் இல்லை. 2014-ல் பென்டியம் ஜி3258 வந்துச்சு. விலை 72 டாலர், பெருக்கிப் பூட்டு கிடையாது. 3.2 கிகாஹெர்ட்ஸை 4.5 வரைக்கும் ஏத்தி ஆளாளுக்குக் குதிச்சாங்க. அதே வருஷம் ஃபார் க்ரை 4 விளையாட்டு வந்துச்சு, ரெண்டு த்ரெட் மட்டுமே உள்ள சிப்புல அது கிளம்பவே இல்லை, கறுப்புத் திரைதான். ரெண்டு மாட்டை எவ்வளவு விரட்டினாலும் நாலு மாடு ஆகாது :)

"வோல்டேஜ் ஏத்தினா ஒண்ணும் ஆகாது, சும்மா பயமுறுத்தாதே"ங்கிறவங்களுக்கு 2024-ஐ ஞாபகப்படுத்துறேன். இன்டெல்லோட 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகச் சிப்புகள் நிலைதடுமாறி நின்னப்போ, அதிக வோல்டேஜ்தான் காரணம்னு கம்பெனியே ஒத்துக்கிட்டு வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டிச்சது. அது வாங்கினவன் ஏத்தின வோல்டேஜ் இல்லை, கம்பெனி செட்டிங்கே அப்படி. அவங்களே தவறுற இடத்துல, வீடியோ பார்த்து எண்ணை மாத்துற நாம எந்த மூலைக்கு?

ஆசைக்குப் பண்றவங்களை நான் குறை சொல்லலை. பைக்கைப் பிரிச்சு மாட்டுற மாதிரி அதுவும் ஒரு பொழுதுபோக்கு, கத்துக்கவும் நிறைய இருக்கு. பொழுதுபோக்குன்னு சொல்லிப் பண்ணுங்க. சிக்கனம்னு பேர் வெச்சு அடுத்தவன் வீட்டுக் காசுல பண்ணாதீங்க.

டேலியும் எக்செல்லும் ஓட்டப்போற என் வகுப்புத் தோழர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பட்ஜெட் இடிச்சா சிப்பை விரட்டாதீங்க. 'கே' சிப்பு, 'இசட்' போர்டு ரெண்டையும் விட்டுட்டு சாதாரண சிப்பு, சாதாரண போர்டு வாங்கி, மிச்சக் காசுல எஸ்எஸ்டி, இன்னொரு ராம் போடுங்க. பழைய ஹார்ட் டிஸ்க்கை மாத்தினதுல கிடைக்கிற வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதுக்கு மேல வேகம் வேணும்னா அடுத்த படி சிப்பை வாங்குற வரைக்கும் ரெண்டு மாசம் பொறுங்க.

இல்லை, ஓவர்கிளாக்தான் லாபம்னு இன்னும் அடிச்சுச் சொல்றவங்க தாராளமா வாதாட வரலாம். பெஞ்ச்மார்க் படம் வேண்டாம். மதர்போர்டு, கூலர், பவர் சப்ளை மூணோட பில்லையும் எடுத்துக்கிட்டு வாங்க, உக்காந்து கூட்டிப் பார்ப்போம்.