கனவுக்குள்ளே விழித்துக்கொள்ளலாம், வாருங்கள்!

சகோதரிகளே, இந்த முறை ஊறுகாயும் இல்லை, கை வைத்தியமும் இல்லை. கனவைப் பற்றிப் பேசப்போகிறேன். கனவு காணும்போதே "அட, இது கனவுதானே!" என்று தெரிந்துகொள்வது பழக்கத்தில் வரக்கூடியது. சைக்கிள் ஓட்டுவது மாதிரிதான்.

திபெத்துப் பௌத்தத் துறவிகள் இதை ஒரு யோகமாகவே பயில்கிறார்கள். விஞ்ஞானிகள் நம்பியது பிற்பாடுதான். நன்றாகக் கனவு வரும் தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண் உருளும்; கை கால் மட்டும் கட்டிப்போட்டது போல் கிடக்கும். 1975-ல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் என்பவர், "கனவென்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக உருட்டு" என்று ஒருவரிடம் சொல்லிவைத்துத் தூங்கவிட்டார். அவரும் தூக்கத்தில் உருட்டினார், கருவியில் பதிவாகிவிட்டது! அமெரிக்காவில் ஸ்டீபன் லாபெர்ஜ் என்பவர் தாமே இதைச் செய்து காட்டி, பழகும் முறையையும் வகுத்தார்.

எனக்கு இதில் நாட்டம் வந்தது தானே புயலால். 2011 டிசம்பர் 30 விடியற்காலை நெய்வேலியில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வட்டத்தில் நிழல் தந்த மரமெல்லாம் ரோட்டில் கிடந்தன. அதன்பின் வருஷக்கணக்காக ஒரே கனவு. இருட்டு, காற்று, சின்னவன் "அம்மா" என்று கத்துகிறான், ஆள் தென்படவில்லை. நிஜத்தில் அவன் அன்று முழுக்க என் மடியில்தான் இருந்தான்! ஆனாலும் வேர்த்துக் கொட்டி எழுந்து, அவன் மூச்சு வருகிறதா என்று போய்ப் பார்ப்பேன்.

முதலில் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்தேன். கண் விழித்ததும் புரளாமல் படுத்தபடியே நினைவுபடுத்தி, ஒரு வார்த்தையாவது எழுத வேண்டும். முதல் வாரம் "புடவை", "படிக்கட்டு" அவ்வளவுதான். ஒரு மாதத்தில் பக்கம் பக்கமாக வந்தது. எழுதினால்தான் திரும்பத் திரும்ப வருவது எது என்று பிடிபடும்.

அடுத்தது, பகலில் சோதனை. குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் "இது கனவா?" என்று நிஜமாகவே சந்தேகப்பட்டுப் பார்ப்பேன். எங்காவது எழுதியிருப்பதைப் படித்து, தலையைத் திருப்பி, மறுபடி படிப்பேன். கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டுப் பார்க்கலாம். கனவில் மூச்சு வரும்! கடனே என்று செய்தால் பலனில்லை.

மூன்றாவது நம் ஷிப்ட் வீட்டுக்காரிகளுக்குச் சௌகரியம். இவர் காலை ஷிப்டுக்குப் போகும் நாளில் நாலு மணிக்கு எழுந்து டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, மறுபடி ஒரு மணி நேரம் படுப்பேன். விடியற்காலைத் தூக்கத்தில்தான் கனவு நீளம். "அடுத்த கனவில் கனவென்று தெரிந்துகொள்வேன்" என்று சொல்லிக்கொண்டே கண் அசருவேன்.

நாலு மாசம் ஆயிற்று. ஒரு நாள் அதே புயல். கேட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ் நம்பரைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தால் வேறு நம்பர்! நெஞ்சு படபடத்தது. கனவு கலைகிற மாதிரி இருந்தது. உள்ளங்கைகளைத் தேய்த்தேன், அப்படிச் செய்தால் நிற்கும் என்பார்கள். "வாடா கண்ணு, அம்மா இங்கேதான் இருக்கேன்" என்றேன். காற்று நிற்கவில்லை. ஆனால் சுவரோரத்திலிருந்து அவன் ஓடி வந்தான். பிறகு இரண்டு தடவை அந்தக் கனவு வந்தது, அவ்வளவுதான்.

கனவில் விழிப்பு வராவிட்டால் பரவாயில்லை. கெட்ட கனவுக்குப் பகலிலேயே வேறு முடிவு எழுதி, தினம் பத்து நிமிஷம் மனசில் ஓட்டிப் பார்க்கச் சொல்லும் சிகிச்சை முறையும் இருக்கிறது.

சில சமயம் எழுந்து பால் காய்ச்சியதாகக்கூடக் கனவு வரும், ஏமாறாதீர்கள்! விழித்தும் உடம்பு அசையாமல் போனால் "அமுக்குவான் பேய்" என்று அலற வேண்டாம். மனசு முந்தி விழித்துவிட்டது, உடம்பு பின்னால் வரும். மனநலத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. கைக்குழந்தைக்காரிகள் இருக்கிற தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நோட்டு மட்டும் வைத்துக்கொண்டால் போதும். குழந்தை முதலில் ராத்திரி சேர்ந்தாற்போல் தூங்கப் பழகட்டும்.