டேப்பட் மூடியும் துளித் துளி எண்ணெயும்

சிறு துளி பெரு வெள்ளம் என்று நம் முன்னோர் சொன்னபோது, வந்து சேருகிற துளியை நினைத்துத்தான் சொன்னார்கள். ஆனால் ஒழுகிப் போகிற துளிக்கும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். வீட்டிலே குழாய் ஒழுகினால் சத்தம் கேட்டு எழுந்து போய் மூடுகிறோம். மோட்டார் வண்டியின் யந்திரத்தில் எண்ணெய் ஒழுகினால் சத்தம் கேட்பதில்லை. ஆகையால் அதை யாரும் லட்சியம் செய்வதில்லை. "பழைய வண்டி என்றால் கொஞ்சம் எண்ணெய் சொட்டத்தான் செய்யும்" என்று சமாதானம் சொல்லிக் கொள்கிறோம். இந்தச் சமாதானத்தைப் போல் யந்திரத்துக்குச் சத்துரு வேறு இல்லை.

வெள்ளகோவிலிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இந்த வாரம் இவ்விஷயத்தை எழுதத் தூண்டியது. வெள்ளகோவில், கோயமுத்தூரிலிருந்து காங்கேயம் வழியாகக் கரூருக்கும் திருச்சிக்கும் செல்லும் பெருவழியில் இருக்கிறது. விசைத்தறி ஓசையும், முருங்கைக்காய்ச் சந்தையும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நடக்கும் சூரியகாந்தி விதை ஏலமும் அவ்வூருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை. எண்ணெய் வித்தின் விலையை விரல் நுனியில் வைத்திருக்கும் ஊரிலே, எண்ணெய் வீணாவதைக் கண்டு ஒரு குடும்பத் தலைவிக்கு மனம் பொறுக்கவில்லை என்றால் ஆச்சரியம் என்ன?

அவர்கள் வீட்டில் மாமனார் காலத்துப் பெட்ரோல் அம்பாஸடர் வண்டி ஒன்று இருக்கிறதாம். தறிக்கு நூல் வாங்கவும், துணியைத் திருப்பூரில் சேர்க்கவும் அதுதான் துணை. சில மாதங்களாக வண்டி ஓடும்போது கருகல் நாற்றம் உள்ளே வருகிறது. நிறுத்தினால் முன்பக்கத்தில் புகை எழுகிறது. பட்டறையில் இரண்டு முறை மூடியை இறுக்கிக் கொடுத்தார்களாம், ஒழுக்கு அதிகமாயிற்று. மூன்றாம் முறை, "யந்திரத்தையே இறக்கிப் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார்களாம். செலவை நினைத்து வண்டியை விற்றுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். "குழந்தைகளை அதில் ஏற்றிப் போகவே பயமாயிருக்கிறது, உண்மையில் விற்கத்தான் வேண்டுமா?" என்று கேட்கிறார் சகோதரி.

விற்பதற்கு முன் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், அந்த மூடி எதற்காக இருக்கிறது என்று தெரிந்து கொள்ள வேண்டும்.

மூடிக்குள் என்ன இருக்கிறது?

யந்திரத்தின் உச்சியில் வால்வுகள் இருக்கின்றன. காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவதற்கும், எரிந்த புகை வெளியே போவதற்கும் அவையே வாசல்கள். அந்த வாசல்களைத் திறந்து மூடும் கைகளும் தண்டுகளும் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். அவை தேயாமலிருக்க அடியிலிருந்து எண்ணெய் மேலே வந்து நனைக்கிறது. அப்படித் தெறிக்கும் எண்ணெய் வெளியே போகாமலும், வெளித் தூசி உள்ளே போகாமலும் காப்பதுதான் வால்வு மூடியின் வேலை. நம் பட்டறைகளில் இதை 'டேப்பட் கவர்' என்பார்கள். மூடிக்கும் யந்திரத்துக்கும் இடையே ஒரு மெல்லிய பட்டை உண்டு. அதற்குப் 'பேக்கிங்' என்று பெயர். ஒழுக்கு ஏற்பட்டால் பெரும்பாலும் குற்றவாளி இந்தப் பேக்கிங்தான். அது சூட்டில் வெந்து வெந்து, மென்மை போய், அப்பளம் போல் விறைத்துவிடுகிறது.

இங்கே ஒரு முக்கியமான சங்கதி. எண்ணெய் பம்பின் அழுத்தம் இந்த மூடியைத் தாக்குவதில்லை. மூடிக்குள் எண்ணெய் தெறிக்கிறது, வழிகிறது, பிறகு அடியிலுள்ள தொட்டிக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே மூடியைப் பலம் கொண்ட மட்டும் இறுக்க வேண்டிய அவசியமே கிடையாது. இதை மறந்ததால் வந்த வினைதான் வெள்ளகோவில் வண்டியின் வினை.

துளியின் கணக்கு

ஏறக்குறைய 20 துளி சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். வண்டி நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஓடுகிறது, பத்து வினாடிக்கு ஒரு துளி விழுகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு நாளைக்கு 720 துளி. அதாவது 36 மில்லிலிட்டர். மாதத்தில் 25 நாள் ஓடினால் 900 மில்லிலிட்டர். சிறு வண்டிகளின் யந்திரம் கொள்ளும் எண்ணெயே மூன்று, நான்கு லிட்டர்தான். அளவுக் குச்சியை எடுத்துப் பாராதவர் வீட்டு வண்டியில் இரண்டு மாதத்துக்குள் பாதி எண்ணெய் காலியாகிவிடும். பிறகு தண்டுகள் தேய்ந்து யந்திரம் பிடித்துக் கொண்டால், சில நூறு ரூபாயோடு தீர வேண்டிய காரியம் பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

அதைவிடப் பெரிய அபாயம் தீ. மூடியிலிருந்து வழியும் எண்ணெய் பல வண்டிகளில் புகைபோக்கிக் குழாயின் தலைப்பிலே விழுகிறது. யந்திர எண்ணெய் சுமார் 200 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் தீப்பற்றக் கூடிய ஆவியைக் கொடுக்கத் தொடங்கும். பாரம் இழுத்து ஓடும் வண்டியின் குழாய்த் தலைப்போ 400 டிகிரிக்கு மேலும் காயும். அந்த இடத்தில் எழும் கருகல் நாற்றத்தை வண்டி கொடுக்கும் எச்சரிக்கை மணி என்று கொள்ள வேண்டும். சகோதரியின் பயம் நியாயமானது. பழுது பார்க்கும் வரையில் குழந்தைகளை அவ்வண்டியில் ஏற்றாமலிருப்பதே உத்தமம்.

ஒழுக்கு எங்கே?

எண்ணெய் கீழ்நோக்கி ஓடும். வண்டி ஓடும் வேகத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகையால் சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. அடியில் ஈரத்தைப் பார்த்துவிட்டு, "யந்திரத்தை இறக்கு" என்று சொல்வது அவசரத் தீர்ப்பு. ஆறிய யந்திரத்தை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் சுத்தமாகத் துடையுங்கள். நன்றாக உலர்ந்து, மண்ணெண்ணெய் வாசனை முற்றிலும் போன பிறகு, மூடியின் ஓரமெங்கும் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவுங்கள். கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்திப் பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களுக்குள் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள இடம்தான் ஊற்றுக்கண். ஓடும் யந்திரத்தின் மேல் குனிகிறவர்கள் துண்டையும், முந்தானையையும், அவிழ்ந்த கூந்தலையும் விசிறிக்கு எட்டாமல் கட்டிக் கொள்ள வேண்டும்.

இறுக்கினால் ஏன் அதிகமாயிற்று?

அம்பாஸடர் வண்டி 1957 முதல் 2014 வரையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியாரால் வங்காளத்தின் உத்தரபாராவில் செய்யப்பட்டது. அதில் நெடுங்காலம் இருந்தது, இங்கிலாந்தின் பி.எம்.ஸி. கம்பெனியார் வகுத்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் யந்திரம். அதன் வால்வு மூடி தகட்டை அழுத்திச் செய்தது. பேக்கிங் தக்கையால் ஆனது. மேலே இரண்டே இரண்டு திருகாணிகள்தாம் அதைப் பிடிக்கின்றன. அந்தத் திருகாணிகளின் அடியில் ரப்பர் வளையங்கள் உண்டு. வால்வு இடைவெளியைச் சரி செய்யும் ஒவ்வொரு முறையும் இந்த மூடியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கிய பிறகு பழைய தக்கையையே மறுபடியும் வைத்து, அது சரியாக உட்காராததற்குப் பரிகாரமாக ஸ்பானரின் மேல் பலத்தைக் காட்டுகிறார்கள். தகடு வளைகிறது, தக்கை பிதுங்கிப் பிளக்கிறது, ரப்பர் வளையம் நசுங்குகிறது. திருகாணி உள்ள இடத்தில் மூடி அமுங்கினால், மற்ற இடத்தில் இடைவெளி உண்டாகிறது. அதன் வழியே எண்ணெய் தாராளமாக வருகிறது. பல சிறு திருகாணிகள் உள்ள தகட்டு மூடிகளில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் இப்படியே பள்ளம் விழும்.

பலத்தின் அளவையும் சொல்லிவிடுவோம். அலுமினிய மூடியுள்ள தற்கால வண்டிகளில் இச்சிறு திருகாணிகளுக்கு விதித்திருப்பது பெரும்பாலும் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். அதாவது 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் ஐந்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவோ, அவ்வளவு. அம்பாஸடருக்கு அதிலும் குறைவு. திடகாத்திரமான ஓர் ஆள் அதே ஸ்பானரை முப்பது கிலோ பலத்துடன் சர்வ சாதாரணமாக இழுத்துவிடுவார். ஆறு மடங்கு பலம்! மூடி கோணாமல் என்ன செய்யும்?

மூச்சுத் திணறல்

புதுப் பேக்கிங் போட்டும் ஒழுக்கு நிற்கவில்லை என்றால் யந்திரத்தின் மூச்சைப் பரிசோதிக்க வேண்டும். எரியும் வாயுவில் சிறிது பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிந்து கொண்டே இருக்கும். அது வெளியேறுவதற்கென்று ஒரு குழாயும், பிற்கால வண்டிகளில் ஒரு சிறு வால்வும் வைத்திருக்கிறார்கள். அவ்வழி கசடால் அடைபட்டால் உள்ளே காற்றழுத்தம் ஏறி, எண்ணெயைப் பேக்கிங்கின் ஓரமாக வெளியே தள்ளும். அந்தச் சிறு வால்வுள்ள பெட்ரோல் வண்டிகளில், யந்திரம் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்து, அதன் மேல் ஒரு தடித்த காகிதத்தைப் பிடித்தால், காகிதம் மெல்ல உள்ளே இழுக்கப்பட வேண்டும். பலமாக வெளியே ஊதினால் மூச்சுக் குழாய் அடைபட்டிருக்கிறது, அல்லது பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். வளையங்கள் தேய்ந்திருந்தால்தான் யந்திரத்தை இறக்கும் பேச்சுக்கு இடம் உண்டு. சில வண்டிகளில் அந்த வாயிலிருந்து சூடான எண்ணெய் தெறிக்கும். முகத்தை விலக்கி வைத்துக் கொள்ளுங்கள்.

பழுது பார்க்கும் முறை

யந்திரம் முற்றிலும் ஆறியிருக்கட்டும். குறுக்கே வரும் கம்பிகளையும் குழாய்களையும் அடையாளம் வைத்துக் கழற்றுங்கள். திருகாணிகளைச் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். மூடி ஒட்டிக் கொண்டிருந்தால் மரச் சுத்தியால் பக்கவாட்டில் இலேசாகத் தட்டினால் போதும். இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பக் கூடாது. அலுமினியத்தில் விழுந்த கீறல் நிரந்தரமான வாய்க்காலாகிவிடும்.

பழைய பேக்கிங்கையும் பசையையும் பிளாஸ்டிக் அல்லது மரச் சீவுளியால் வழித்து எடுங்கள். வழித்த துணுக்குகள் யந்திரத்துக்குள் விழாமல் சுத்தமான துணியால் உட்புறத்தை மூடி வைத்து, வேலை முடிந்ததும் துணியை எடுக்க மறவாதீர்கள். தறிச் சாலையிலே கிடைக்கும் நூல் கழிவு இதற்கு உதவாது. அதன் இழைகள் எண்ணெய் வழியை அடைக்கும். இரு முகங்களும் எண்ணெய்ப் பசையின்றி உலர்ந்திருக்க வேண்டும். மூடியைக் கண்ணாடிப் பலகையின் மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். தகட்டு மூடியில் பள்ளங்கள் இருந்தால் மரக் கட்டையின் மேல் வைத்துச் சிறு சுத்தியால் தட்டி நேராக்கலாம். வார்ப்பு மூடி கோணியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

தக்கைப் பேக்கிங்கை மூடியோடு மட்டும் ஒட்டுங்கள்; அப்போதுதான் அடுத்த முறை கிழியாமல் மூடியைத் தூக்கலாம். ரப்பர் பேக்கிங்குக்குப் பொதுவாகப் பசை வேண்டாம். வளைவுகள் சேரும் மூலைகளில் மட்டும், வண்டியின் கைப்புத்தகம் சொன்னால், ஸிலிகோன் பசையை ஒரு பொட்டு வைக்கலாம். "நிறைய அப்பினால் நிறைய நிற்கும்" என்பது பொய். பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்து யந்திரத்தையே கொன்றுவிடக் கூடும். திருகாணிகளின் கீழுள்ள ரப்பர் வளையங்களையும் கூடவே மாற்றிவிடுங்கள். பல திருகாணிகள் இருந்தால் நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றில், விதித்த அளவுக்கே இறுக்குங்கள். பசை வைத்திருந்தால் அது இறுகுவதற்குரிய நேரம் காத்திருங்கள். ஒரு நாள் ஓடிய பிறகு மறுபடி துடைத்துப் பாருங்கள். தக்கையானால் ஆறிய யந்திரத்தில் ஒரு முறை திருகாணியைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

பிற்கால வண்டி உடையவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல யந்திரங்களில் பிளக்குகள் மூடியின் நடுவிலுள்ள குழிகளுக்குள் இருக்கின்றன. குழியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் கெட்டால் வெளியே ஒரு துளியும் தெரியாது. குழிக்குள் எண்ணெய் தேங்கும். வண்டி இருமி இருமி ஓடும். அந்த வளையங்களையும் பேக்கிங்கோடு சேர்த்து மாற்றிவிட வேண்டும்.

நம் கடமை

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழில் தொடங்கிய கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு, யந்திரத்தைக் கழற்றிப் பூட்டியே ஞானம் பெற்றவர். அந்தக் கொங்கு நாட்டில் பிறந்தவர்கள் ஒரு தகட்டு மூடிக்கு அஞ்சலாமா? சுதந்திர இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் இன்றும் அந்நிய நாடுகளிலிருந்தே வாங்குகிறது. கதர் உடுத்துவது மட்டும் சுதேசியம் அல்ல. அந்நியப் பொருளை வாங்கித் தெருவில் ஒழுகவிடாதிருப்பதும் சுதேசியந்தான்.

ஒழுகிய எண்ணெய் மறைந்து போவதும் இல்லை. மழையோடு மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகிறது. சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாடு அப்பகுதியார் அறிந்ததே; 2011-ல் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றமே கட்டளையிட வேண்டியதாயிற்று. ஆகவே மாற்றிய பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், டப்பாவில் சேர்த்து, அதற்கென்று அனுமதி பெற்று வாங்குகிறவர்களிடம் சேர்ப்பியுங்கள்.

வண்டி உள்ள குடும்பத்தார் வாரம் ஒரு நாள், ஞாயிறு காலையில் காபி குடித்த கையோடு, அளவுக் குச்சியை எடுத்து எண்ணெய் பார்க்கட்டும்; மூடியின் ஓரத்தை ஒரு விரலால் தடவட்டும். விரல் உலர்ந்திருந்தால் நிம்மதியாக வண்டியை எடுக்கலாம். நனைந்திருந்தால் அன்றைக்கே ஒரு புதுப் பேக்கிங் வாங்குங்கள். ஸ்பானரை எடுத்து இறுக்க மட்டும் போகாதீர்கள்.