தை மாதத்துக்கு ஒரு விடுமுறை: மும்பைத் தமிழரின் குளிர்கால ஊர்ப்பயணம்

குளிர்காலத்தில் வெதுவெதுப்பான இடம் தேடிச் செல்வோர்க்கான பயணக் குறிப்புகள் யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. அவற்றின் வாசகர் உறைபனியில் வாழ்பவர். கையில் பணமும் நாள்களும் உடையவர். செல்லும் இடத்தைத் தாமே தேர்ந்தெடுப்பவர். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்க்கு இம்மூன்றும் பொருந்தா. மும்பையின் சனவரி விடியற்காலை வெப்பநிலை பெரும்பாலும் 16, 17 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதில்லை. குளிருக்கு அஞ்சி எவரும் இந்நகரை விட்டு ஓட வேண்டியதில்லை. ஆயினும் மார்கழி பிறந்ததும் இம்மூன்று பகுதிகளிலும் பெட்டி கட்டும் பேச்சு எழுகிறது. அவர்கள் தேடும் வெதுவெதுப்பின் பெயர் ஊர். அந்தப் பயணத்தை எப்போது, எவ்வாறு திட்டமிடுவது என்ற கேள்வி, தோற்றத்தில் எளிதாயினும், யாருடைய நாள்காட்டியின்படி யார் வாழ்கிறார்கள் என்ற கேள்வியாகவே முடிகிறது.

மகாராட்டிரப் பள்ளிகள் நீண்ட விடுமுறை அளிப்பது இருமுறை: கோடையில் ஒன்று, தீபாவளியை ஒட்டி ஒன்று. தமிழ்நாட்டின் வானிலையோடு இவற்றை வைத்துப் பார்த்தால் முரண் விளங்கும். மே மாதம் அக்கினி நட்சத்திரத்தின் காலம். நெல்லைச் சீமையின் வெயில் மும்பையில் பிறந்து வளர்ந்த குழந்தைகளை வீட்டுக்குள் முடக்கிவிடும். ஐப்பசியும் கார்த்திகையுமோ அடைமழைக் காலம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்வது. ஊர் தன் மிக இனிய முகத்தைக் காட்டுவது தையிலும் மாசியிலும்: குளங்கள் நிறைந்திருக்கும், வயல் அறுவடைக்கு நிற்கும், வெயில் உறைக்காது. அப்போதுதான் மும்பைப் பிள்ளைகளுக்கு விடுமுறை இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் பொதுத்தேர்வுகள் வேறு. இவ்வாறு ஒரு தலைமுறையே சொந்த ஊரைப் புழுக்கமும் புழுதியுமாகவோ சேறும் சகதியுமாகவோ மட்டும் அறிந்து வளர்கிறது. 'ஊரில் என்ன இருக்கிறது?' என்று பிள்ளைகள் கேட்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இடையில் எஞ்சுவது கிறித்துமசை ஒட்டிய சில நாள்கள். அந்த நாள்களைப் பற்றிய எச்சரிக்கை தேவை. டிசம்பரைத் தமிழ்க் கடற்கரையின் அமைதியான மாதமாக எண்ணுவது பிழை. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் வண்டியையே கடலுக்குள் இழுத்துச் சென்றது. 2015 டிசம்பர் முதல் நாள் பெருமழை சென்னையை மூழ்கடித்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா, 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம். அதே 2023இல், டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய மழை எவரும் எதிர்பாராதது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். தாராவித் தமிழருள் பெரும்பகுதியினரின் வேர் இந்த மாவட்டங்களில்தான் இருக்கிறது. ஆகவே டிசம்பரில் செல்வோர் மாதத்தின் கடைசி வாரத்தைத் தேர்வது நலம். புறப்படும் முன் வானிலை மையத்தின் அறிவிப்பைப் பார்ப்பது கட்டாயம். தாமிரபரணிக் கரையிலோ குற்றால அருவியிலோ நீராடும் ஆசையை அன்றைய நீர்வரத்தே முடிவு செய்ய வேண்டும். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் சென்னை இசை விழாவுக்குச் செல்வோர்க்கும் இதே அறிவுரை பொருந்தும். முன்பாதியைத் தவிர்த்துப் பின்பாதிக் கச்சேரிகளைத் தேர்ந்தால் மழையின் இடர் குறையும்.

இவற்றைவிடச் சிறந்தது பொங்கலை நடுவில் வைத்த பத்துப் பன்னிரண்டு நாள் பயணம். தையும் முற்றிலும் மழையற்றது என்று சொல்வதற்கில்லை. 2021 பொங்கலின்போது தாமிரபரணியில் வெள்ளம் வந்ததை நெல்லைக்காரர் மறந்திரார். ஆனால் அது விதிவிலக்கு. பெரும்பாலான ஆண்டுகளில் சனவரி நடுவில் வானம் வெளுத்துவிடுகிறது.

பயணச்சீட்டே இங்குப் பெரும் தடை. 2024 நவம்பர் 1 முதல் தொடர்வண்டி முன்பதிவுக் காலம் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்டது. சனவரி 8 அன்று மும்பையிலிருந்து புறப்பட வேண்டுமாயின் நவம்பர் 9 காலை எட்டு மணிக்குச் சீட்டெடுக்க வேண்டும். சனவரி 20 அன்று திரும்ப நவம்பர் 21. இவ்விரு நாள்களையும் தீபாவளியின்போதே சுவரில் தொங்கும் நாள்காட்டியில் வட்டமிட்டுக் கொள்வது நன்று. பொங்கலுக்கு முந்தைய மூன்று நாள்களில் சென்னையிலிருந்து தெற்கே செல்லும் வண்டிகள் நிரம்பி வழியும். எனவே சென்னை சென்று வண்டி மாறும் திட்டம் அந்நாள்களில் உதவாது. நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரைக்கு நேராகச் செல்லும் வண்டிகளே துணை. அவற்றுள் சில வாரத்தின் எல்லா நாள்களிலும் ஓடுவதில்லை. நாளை முடிவு செய்யுமுன் வண்டியின் கிழமையைப் பார்க்க வேண்டும். இணையத்தில் எடுக்கும் தட்கல் சீட்டுக்கு 2025 சூலை முதல் ஆதார் சரிபார்ப்புத் தேவை. அதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டால் சீட்டு கிட்டாது. பயணம் ஏறத்தாழ ஒன்றரை நாள். முதியோர்க்குக் கீழ்ப்படுக்கையும், இரவுக்கு ஒரு போர்வையும், எண்ணெயில் ஊறிய பொடி இட்லியும் புளியோதரையும் இருந்தால் போதும். ஊரில் பருத்தி ஆடையே தாங்கும்.

ஆனால் இந்த அறிவுரைகள் எல்லார்க்கும் ஒன்றுபோல் உதவா என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாதச் சம்பளமும் ஈட்டிய விடுப்பும் உள்ளவர் அறுபது நாளுக்கு முன்பே நாளைக் குறிக்க முடியும். தாராவியில் தோல் பட்டறையிலோ தையல் கூடத்திலோ உருப்படிக் கூலிக்கு உழைப்பவர்க்கு அடுத்த வாரத்து வேலையே உறுதியில்லை. அதிகாலையில் இட்லி அவித்து மிதிவண்டியில் விற்பவர் பன்னிரண்டு நாள் அடுப்பை அணைத்தால் வாடிக்கை வேறு கைக்குப் போகும். அவர்க்கு விடுமுறையின் செலவு சீட்டுக் கட்டணம் மட்டுமன்று. இழக்கும் கூலியும் சேர்ந்ததே. உறவினர்க்குள் முறைவைத்துச் செல்வதும், ஒருவர் தொழிலை மற்றவர் பார்த்துக்கொள்வதும், பொங்கல் சீட்டாகச் சிறுகச் சேமிப்பதும் இவர்கள் கண்ட வழிகள். மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கிய பின் இன்னொரு கவலையும் சேர்ந்தது: வீட்டைப் பூட்டிச் செல்லலாமா என்பது. ஆவணங்களின் நகலை நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டாரிடம் விட்டுச் செல்லுமாறு எந்தப் பயண நூலும் சொல்வதில்லை. இங்கே அதுதான் முதல் குறிப்பாக இருக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் நாள்களை ஓரளவு தாமே வகுத்துக்கொள்ளக் கூடியவர்கள். டிசம்பர் கடைசி வாரத்திலும் பொங்கல் வாரத்திலும் வேறு வழியற்றவர்கள் பயணம் செய்கிறார்கள். இயன்றவர் பிப்ரவரிக்குத் தம் பயணத்தைத் தள்ளினால் இரு தரப்புக்கும் நன்மை. மாசி மாதத்து ஊரில் மழையில்லை, நெரிசலில்லை. விடுதிகளின் வாடகையும் குறையும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் வழியே இராமேசுவரம் செல்லவும், வேடந்தாங்கலில் பறவைகளைக் காணவும் அதுவே உகந்த காலம்.

நிலையான தீர்வு பள்ளிகளின் கையில் இருக்கிறது. மகாராட்டிரக் கல்வித்துறையின் ஆண்டுச் சுற்றறிக்கைகள், மொத்த விடுமுறை 76 நாள்களைத் தாண்டாதவாறு, கோடை அல்லது தீபாவளி விடுமுறையைச் சற்றுக் குறைத்துக் கணேசோற்சவம், கிறித்துமசு போன்ற பண்டிகைகளுக்கு ஈடுசெய்து கொள்ளக் கல்வி அலுவலரின் அனுமதியுடன் இடம் தந்துள்ளன. கணேசோற்சவத்துக்குக் கொங்கணம் செல்லும் பிள்ளைக்குக் கிட்டும் அந்தச் சலுகையை, பொங்கலுக்கு நெல்லை செல்லும் பிள்ளைக்கும் கேட்பதில் தவறில்லை. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளும், தமிழர் நடத்தும் கல்வி நிறுவனங்களும் தீபாவளி விடுமுறையில் ஐந்து நாளை எடுத்துப் பொங்கலோடு சேர்க்க விண்ணப்பிக்கலாம். பாட நாள் ஒன்றும் குறையாது. அரசுக்குச் செலவும் இல்லை.

மும்பையிலேயே பொங்கல் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் தெருவோரம் வரிசையாகப் பானைகள் பொங்குவதைக் கண்டவர் அதைக் குறைத்து மதிப்பிட மாட்டார். அங்கே பொங்க வைப்பவருள் பலர் சீட்டுக் கிடைக்காமலோ கூலியை விட முடியாமலோ தங்கிவிட்டவர்கள் என்பதும் உண்மை. இருப்பதும் போவதும் அவரவர் விருப்பமாக இருக்கட்டும். அந்த விருப்பத்தைச் செயலாக்கும் வாய்ப்பு மாட்டுங்காவின் வங்கி அலுவலர்க்கும் தாராவியின் தையற்காரர்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே இங்கு வேண்டப்படுவது.