உத்திரமேரூர்ச் சுவரும் நம் வழங்கிகளும்

இலக்கிய வாசகனுக்குக் கோப்புறையைப் பற்றி என்ன கவலை என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. படைப்புதான் முக்கியம், வழங்கியைக் கணினிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் கட்சி. இந்தக் கட்சியை நாம் முற்றாக மறுக்கிறோம்.

மரத்தடி, ராயர் காப்பி கிளப் முதலிய தமிழ்க் குழுமங்கள் யாஹூவில் இயங்கின. 2019 டிசம்பரில் யாஹூ குழுமங்களின் உள்ளடக்கம் நீக்கப்பட்டது. 2020 டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. பிறர் நிலத்தில் குடியிருப்பதன் ஆபத்தை உணர்ந்து சொந்த வழங்கி அமைத்தவர்களைப் பாராட்டுவோம். ஆனால் அவ்வழங்கி எவ்வாறு அமைக்கப்பட்டது என்பது ஒரே நண்பரின் நினைவில்தான் இருக்கிறது என்றால், அவர் நோயுற்றாலோ, வேலை மாறிப் போனாலோ, தளம் இருண்டுவிடும். கட்டுரைகளின் நகல் பத்திரமாக இருக்கலாம். அவற்றைத் திரும்பக் குடிவைக்க வீடு இராது.

இதற்கு மருந்து, உள்கட்டமைப்பையே நிரலாக எழுதிவைப்பது. எத்தனை வழங்கிகள், என்ன கொள்ளளவு, காப்புப்பிரதி எங்கே என்பவற்றை உரைக்கோப்புகளில் எழுதினால், மென்பொருள் படித்து அவ்வாறே கட்டித்தரும். 2014இல் வந்த டெராஃபார்ம் இவ்வகையில் புகழ்பெற்றது. 2023இல் அதன் உரிமம் மாறியபோது, ஓப்பன்டோஃபூ என்னும் கட்டற்ற கிளை பிறந்தது.

எழுதிவைத்து ஆளும் வழக்கம் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆளெடுக்கும் விதிகளைச் சுவரிலேயே வெட்டிவைத்தார்கள். 919இல் ஒரு விதி. 921இல் அதன் திருத்தம். இரண்டும் இன்றும் அங்கே நிற்கின்றன. கணக்குக் காட்டாதவருக்கு வாரியத்தில் இடமில்லை. அச்சபை எவரையெல்லாம் வெளியே நிறுத்தியது என்பதை நாம் மறக்கவில்லை. விதியை எல்லோரும் காணும் இடத்தில் வைத்த முறையை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம்.

இதன் மறுபக்கம் மாமல்லபுரம். முற்றுப்பெறாத பாறைகளில், சதுரம் சதுரமாகக் கோடு வெட்டி, இடையில் நின்ற மேடுகளை உடைத்தெடுத்த முறை தெரிகிறது. மிச்சத் திட்டம் சிற்பிகளோடு போயிற்று. பாறைக்கு அது அழகு சேர்க்கலாம். வழங்கியைக் கையாலேயே செதுக்கிக்கொள்வோம் என்பவரின் தளத்துக்குச் சேர்க்காது.

ஆகவே முதல் வேலை கோப்புறை. ஒரு தளத்துக்கு ஒன்று. சோதனைத் தளத்துக்குத் தனியாக இன்னொன்று. அதிலுள்ள '.டிஎஃப்' கோப்புகள் அனைத்தையும் மென்பொருள் ஒரே நூலாகப் படிக்கும். உட்கோப்புறைகளைத் தானாகத் தொடாது. எனவே முதன்மை, மாறிகள், வெளியீடுகள் என்று கோப்புகளைப் பிரிப்பது மனித வாசகனுக்காகவே. உரையாசிரியர் அதிகாரம் பிரிப்பதும் இதுவும் ஒன்று.

'இனிட்' கட்டளை தந்ததும், தேவையான செருகுநிரல்கள் '.டெராஃபார்ம்' என்னும் உட்கோப்புறையில் வந்திறங்கும். எப்போது வேண்டுமானாலும் மீண்டும் இறக்கலாம் என்பதால் அதைக் 'கிட்' களஞ்சியத்தில் சேர்க்க வேண்டியதில்லை. எந்தப் பதிப்பு இறங்கியது என்று குறிக்கும் பூட்டுக்கோப்பை அவசியம் சேர்க்க வேண்டும். எந்தச் சுவடியிலிருந்து பாடம் கொண்டோம் என்று பதிப்பாசிரியர் குறிப்பதைப் போன்றது அது. நிலைக்கோப்பைக் களஞ்சியத்தில் சேர்க்கவே கூடாது. கடவுச்சொற்கள் அதில் வெளிப்படையாகவே கிடக்கக்கூடும். ஒரே நேரத்தில் இருவர் மாற்றாதபடி பூட்டும் வசதியுள்ள தொலைக்கிடங்கே அதற்குரிய இடம்; அதன் சாவி குறைந்தது இருவரிடமாவது இருக்க வேண்டும். எதையும் கட்டுமுன் 'பிளான்' கட்டளையால் என்ன மாறப்போகிறது என்று படித்துப் பார்ப்பது, அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புப் பார்ப்பதற்குச் சமம்.

பாடபேதம் பார்ப்பதில் இத்தனை கறார் காட்டும் நாம், பாடம் குடியிருக்கும் இடத்தில் அலட்சியம் காட்டுவது அறிவுநேர்மையாகாது. தமிழ்த் தளம் நடத்துவோர் ஒவ்வொருவரையும் நாம் கேட்பது இதுதான்: உங்கள் கோப்புறையையும் உரிய சாவிகளையும் ஒரு புதியவரிடம் கொடுங்கள், உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அவரால் தளத்தை வேறிடத்தில் எழுப்ப முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால், அடுத்த சிறப்பிதழைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் இதை எழுதுங்கள்.