ஜன்னலைத் திறங்கள், தாத்தாவைத் திட்டாதீர்கள்!

‘ரிட்டயர் ஆன மனுஷன் கோயில் குளம்னு போகாம, பொம்மை ஏரோப்ளேன் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கார் டாக்டர். நீங்களாவது கொஞ்சம் சொல்லுங்க!’

மூட்டு வலிக்கு மருந்து வாங்க வந்த ஓர் அம்மாள், பக்கத்தில் இருந்த கணவரைக் காட்டிச் சொன்ன புகார் இது. கணவர் பேசவில்லை. அவருடைய விரல் நுனிகளில் சாம்பல் நிறப் பெயின்ட் ஒட்டியிருந்தது. நான் அவருக்குச் சொன்னதை விட அந்த அம்மாளுக்குச் சொன்னதுதான் அதிகம். இந்த விஷயத்தில் வீட்டில் இருப்பவர்கள் திட்டவேண்டியதை விட்டுவிட்டு, திட்டக்கூடாததைத் திட்டுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கடையில் விற்கும் சாவி கொடுக்கிற விமானம் அல்ல இது. அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்களில் சின்னச் சின்னப் பாகங்கள் காய்த்துத் தொங்கும். அவற்றை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, ஒட்டி, இடைவெளியை மக்கு வைத்து அடைத்து, மறுபடி தேய்த்து, அப்புறம் வர்ணம் பூச வேண்டும். எல்லாம் நிஜ விமானத்தின் அளவுக் கணக்குப்படி. பிரபலமான கணக்கு 72-ல் ஒரு பங்கு. அதாவது 6 அடி உயர மனிதன் இதில் 1 அங்குலம். 36 அடி 10 அங்குலம் இறக்கை கொண்ட ஸ்பிட்ஃபயர் போர் விமானம், 6 அங்குலத்துக்குச் சற்று மேலே அகலத்தில் உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். லண்டனில் 1939-ல் ஆரம்பித்த ஏர்ஃபிக்ஸ் கம்பெனி இந்த ஸ்பிட்ஃபயரை 1953-ல் 2 ஷில்லிங்குக்கு விற்றது. அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக இங்கிலாந்துப் பையன்கள் சாப்பாட்டு மேசையில் பசையைக் கொட்டி அம்மாவிடம் திட்டு வாங்கினார்கள். ஜப்பானில் ஷிசுவோக்கா என்கிற ஊரே இந்தத் தொழிலுக்குப் பேர் போனது. தாமியா கம்பெனி அங்கேதான் 1946-ல் ஒரு மர வியாபாரமாகத் தொடங்கியது.

‘சின்னப் பிள்ளை விளையாட்டு’ என்பவர்களுக்கு ஒரு சேதி. 1942-ல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் மரத்தில் 5 லட்சம் விமான மாடல்கள் செய்து தரும்படி கேட்டது. வானத்தில் வருவது நம் விமானமா, எதிரி விமானமா என்று சிப்பாய்களுக்கு அடையாளம் காட்டிப் பழக்குவதற்கு! அதுவும் இதே 72-ல் ஒரு பங்கு அளவுதான். 35 அடி தள்ளி நின்று அந்த மாடலைப் பார்த்தால், ஏறக்குறைய அரை மைல் தூரத்தில் நிஜ விமானத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

சரி, உடம்புக்கு இதனால் என்ன லாபம்? ரத்த அழுத்தம் இறங்கும், சர்க்கரை குறையும் என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். யாராவது எழுதினால் நம்பவும் வேண்டாம். ஆனால் ஒன்று சொல்வேன். சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் கல்வத்தில் மருந்து அரைத்திருக்கிறோம். இத்தனை சாமம் என்று கணக்கு உண்டு. ஒரு சாமம் என்றால் 3 மணி நேரம். நடுவில் அவசரப்பட்டால் மருந்து பதம் கெட்டுப்போகும். முதல் நாள் கையும் வலிக்கும், எரிச்சலும் வரும். பத்தாவது நாள் கை தன்பாட்டுக்கு வேலை செய்யும், மனசு அடங்கிக் கிடக்கும். மாடல் செய்கிறவர்களிடம் நான் பார்ப்பது இதையேதான். வாட்டர் பேப்பரில் 400-ம் நம்பர், 600, அப்புறம் 1000 என்று தேய்த்துக்கொண்டே போக வேண்டும். பூசிய வர்ணம் காய ஒரு நாள் காத்திருக்க வேண்டும். காத்திருக்காவிட்டால் கைரேகை பதிந்து மொத்த வேலையும் பாழ். 35 வருஷம் ஆபீசில் ஓடிவிட்டு, திடீரென்று ஒரு நாள் காலையில் செய்ய எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு, நாளைக்கு முடிக்க வேண்டிய வேலை என்று ஒன்று மேசையில் காத்திருப்பது சின்ன விஷயமா அம்மா? டி.வி. முன்னால் உட்கார்ந்து தூங்கி வழிவதை விட இது எவ்வளவோ தேவலை.

திட்ட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது என்றேனே, அதற்கு வருகிறேன்.

தலைவலி என்று ஒரு பையனை அழைத்து வந்தார்கள். பத்தாம் வகுப்பு. கூடவே குமட்டல், தலை கிறுகிறுப்பு. ‘படிப்பு டென்ஷன் டாக்டர்’ என்றார் அப்பா. எப்போது அதிகம் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றான் பையன். படிப்பினால் வரும் தலைவலி ஞாயிற்றுக்கிழமை குறையத்தானே வேண்டும்? ‘அன்னைக்கு என்ன பண்ணுவே தம்பி?’ என்றேன். பையன் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. நான்கு இஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஒன்று செய்கிறானாம். படுக்கையறையில், கதவு ஜன்னல் எல்லாம் மூடி, ஏ.சி. போட்டுக்கொண்டு. ஏன் மூடுகிறாய் என்றால், ஈரப் பெயின்ட்டில் தூசி ஒட்டுமாம். ஃபேனும் போட மாட்டானாம்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பசை நாம் நினைக்கிற கோந்து அல்ல. அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திராவகம். இரண்டு பாகங்களின் விளிம்பும் இளகி ஒன்றோடொன்று கலக்கும். பிறகு திராவகம் ஆவியாகப் போய்விடும், பிளாஸ்டிக் மறுபடி இறுகிவிடும். ஆவியாகப் போனது எங்கே போயிற்று? மூடிய அறை என்றால் உங்கள் மூக்குக்குள்தான்! நகப்பூச்சை அழிக்கிற அசிட்டோன், பியூட்டைல் அசிட்டேட், பழைய வகைப் பசைகளில் டொலுயீன் — இவையெல்லாம் அந்த ஆவியில் இருப்பவை. வீட்டு ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டு வராது. உள்ளே இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திருப்பித் தரும். அந்தப் பையன் ஞாயிறு முழுவதும் அதையே சுவாசித்திருக்கிறான். ‘வாசனை அஞ்சு நிமிஷத்துல போயிடும் டாக்டர்’ என்றான். வாசனை போகவில்லை. மூக்கு பழகிப் போய் மரத்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் கோபம். ‘இன்னிக்கே எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போடறேன்’ என்றார். வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னேன். பசையும் பெயின்ட்டும் பால்கனிக்குப் போகட்டும். தேய்ப்பது, வெட்டுவது மேசையில் இருக்கட்டும். தூசிக்குப் பயந்தால், காய்கிற விமானத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வைத்தால் போதும். பத்து நாளில் தலைவலி நின்றது. ஒரு சூரணமும் நான் கொடுக்கவில்லை. குப்பையில் போட்டிருந்தாலும் தலைவலி நின்றிருக்கும், வாஸ்தவம். ஆனால் ஒரு வேலையை இரண்டு மாதம் விடாமல் செய்து முடிக்கும் பழக்கமும் அந்தக் குப்பையோடு போயிருக்கும். அது எந்த டியூஷனில் கிடைக்கும்?

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெற்றோர் காதில் போட்டு வைக்க வேண்டும். 1960-களில் அமெரிக்காவில் சில பிள்ளைகள் போதைக்காக இந்தப் பசையைப் பையில் பிதுக்கி முகர ஆரம்பித்தார்கள். அப்படி முகரும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீர் மரணம் கூட வரும். தொடர்ந்து முகர்ந்தால் மூளையும் நரம்பும் பழுதாகும். டெஸ்டர்ஸ் என்ற கம்பெனி 1969-ல் என்ன செய்தது தெரியுமா? தன் பசையில் கடுகின் காரத்துக்குக் காரணமான எண்ணெயைக் கலந்தது. முகர்ந்தால் மூக்கும் கண்ணும் எரியும்! நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிச் சரக்கு அங்கே காவல்காரனாகப் போயிருக்கிறது. இப்போது ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன் என்ற எண்ணெயில் செய்த பசைகளும் வருகின்றன. மணம் இனிமைதான். இயற்கைச் சரக்கு என்பதற்காக அதையும் மூடிய அறையில் முகர்ந்துகொண்டிருக்க வேண்டாம். சிலருக்குத் தோலில் அரிப்பும் வரும்.

பெயின்ட்டுக்கும் இதே கதை. எனாமல் வகைக்கு மண்ணெண்ணெய்க் குடும்பத்துத் தின்னர். அக்ரிலிக் வகையில் பல தண்ணீரில் கரைபவை, வீட்டுக்கு அதுதான் நல்லது. ஆனால் ஏர்பிரஷ் என்ற சின்னத் துப்பாக்கியால் பீய்ச்சி அடிக்கும்போது, தண்ணீர்ப் பெயின்ட்டும் பனி மாதிரி மிதந்து நுரையீரலுக்குள் போகும். மூக்கில் கட்டும் சாதாரணத் துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. கரி அடைத்த வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பீய்ச்சி அடிக்கும் வேலையை மொட்டை மாடிக்கு மாற்றுங்கள். விளக்கேற்றும் நேரம், ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள் இவற்றின் பக்கத்தில் தின்னர் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

இதைவிட எனக்குப் பயம் தருவது, தின்னரைப் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம். பேரன் தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடுவான். அப்படி நடந்தால் உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி எடுக்கும்போதுதான் அது நுரையீரலுக்குள் இறங்கி உயிருக்கு உலை வைக்கும். என்னைப் போன்ற சித்த வைத்தியரைத் தேடி வரவும் வேண்டாம். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சில்லறை விஷயங்கள் சில. தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் வழக்கம் சிலருக்கு இருக்கிறது. 1920-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், கடிகார முகப்புக்கு ரேடியம் பூசிய பெண்கள் இப்படிச் செய்துதான் தாடை எலும்பு அழுகி மாண்டார்கள். உங்கள் பெயின்ட்டில் ரேடியம் இல்லை, ஆனாலும் வாய் அதற்கான இடம் இல்லை. மூக்குச் சக்கரம் உள்ள விமானம் வால் பக்கம் சாயாமல் இருக்க, முன்பக்கத்துக்குள் ஈயக் குண்டு வைப்பார்கள். உலோகத்தைச் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று படித்தவன் நான். ஈயத்துக்குப் பதில் இரும்பு நட்டு வையுங்கள், கனம் போதும். உடனே ஒட்டும் பசை விரலில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் விடும். அந்தப் பசையைப் பருத்தித் துணியால் துடைக்கவும் கூடாது. துணி சூடாகிக் கொப்புளமே போட்டுவிடும். கத்தி மேசையிலிருந்து உருண்டால் பிடிக்கப் போகாமல் காலை விலக்குங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இந்த மேசையில் செருப்புப் போட்டே உட்காருங்கள்.

கண் கெட்டுவிடும் என்கிற புகார் பாதி உண்மை. பெரியவர்களுக்குக் கண் களைக்கும், இமைக்க மறந்து உலர்ந்துபோகும், அவ்வளவுதான். நல்ல வெளிச்சமும் சரியான கண்ணாடியும் இருந்தால் போதும். 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜன்னல் வழியே தூரத்து மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வளரும் பிள்ளைகள் கதை வேறு. கிட்டப்பார்வை வராமல் இருக்க அவர்கள் தினமும் வெயிலில் விளையாடியே ஆகவேண்டும். மாலை வெளிச்சம் இருக்கும்வரை மைதானம், அப்புறம்தான் விமானம்.

சித்த மருத்துவத்தில் 14 வேகங்கள் என்று சொல்வோம். சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், கொட்டாவி, தும்மல் இப்படி. அடக்கினால் நோய் என்பது விதி. மாடல்காரர்கள் ஒரே உட்காரலில் இவற்றில் ஐந்தாறையாவது அடக்கிவிடுகிறார்கள்! ‘இந்தச் சக்கரம் மட்டும் ஒட்டிட்டு வர்றேன்’ என்று மூன்று மணி நேரம் சிறுநீரை அடக்குகிறார். சாப்பாடு ஆறிப்போகிறது. இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ராத்திரி 1 மணிக்குச் சின்ன விளக்கில் கோடு போடுகிறார். அம்மா, நீங்கள் திட்ட வேண்டியது இதற்குத்தான். மணிக்கு ஒரு தரம் எழுப்பி நடக்க விடுங்கள். மேசை மேல் தண்ணீர்ச் செம்பு வேண்டாம், அதில் பெயின்ட் பிரஷ் போட்டுவிடுவார். தாகம் எடுத்தால் எழுந்து சமையலறைக்கு வரட்டும். 10 மணிக்கு விளக்கை அணையுங்கள். முணுமுணுப்பார், அணையுங்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் 72-ல் ஒரு பங்கு அளவில், ஒற்றை இஞ்சின் விமானமாக, பாகங்கள் குறைவான பெட்டியாக வாங்குங்கள். கையால் பூசும் அக்ரிலிக் பெயின்ட் போதும். ஏர்பிரஷ் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மிச்சமான தின்னரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாமல், மூடி இறுகிய கண்ணாடிப் பாட்டிலில் பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத பரணில் வையுங்கள். அடியில் கசடு தங்கிய பிறகு மேலே தெளிந்ததை அடுத்த முறை பிரஷ் கழுவ உபயோகிக்கலாம்.