லாரியின் மேல் ஏற்றிய பழி

நம் நகரங்களில் குப்பையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவைப்பதற்கென்று ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கிறது: "நாம் என்னதான் பிரித்துக் கொடுத்தாலும், அவர்கள் எல்லாவற்றையும் ஒரே லாரியில்தானே கொட்டுகிறார்கள்?" இதைச் சொன்னவரும், கேட்டுத் தலையசைத்தவரும், அதன் பிறகு யாதொரு மனச்சஞ்சலமும் இன்றி முந்தின நாள் சாம்பாரையும் பழைய செய்தித்தாளையும் ஒரே பையில் முடிந்து வாசலில் வைத்துவிடுகிறார்கள். இத்தனை சௌகரியமான ஓர் அபிப்பிராயத்தை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சௌகரியமே அதற்குப் போதிய சாட்சியாகிவிடுகிறது.

இந்தக் குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று வாதிப்பது என் நோக்கமன்று. பிரித்துக் கொடுத்த குப்பை தெருமுனையில் மறுபடியும் ஒன்றாகக் கலக்கப்படுவதைக் கண்ணாரக் கண்டவர்கள் பலர் உண்டு. அவர்கள் கோபம் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபத்திலிருந்து அவர்கள் எட்டுகிற முடிவுதான் தர்க்கத்துக்குப் பொருந்தாதது. லாரியில் எல்லாம் கலந்துவிடுகிறது என்பது மெய்யானால், நம் வீட்டிலிருந்து அந்த லாரிக்குப் போவது எவ்வளவுக்கெவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்பதல்லவா அதனின்றும் பெறப்படும் முடிவு? கொடுத்ததைத் திருப்பித் தராதவன் என்று தெரிந்த பிறகும், அவனிடமே மேலும் மேலும் பொருளைக் கொண்டுபோய் ஒப்படைப்பவனை உலகம் விவேகி என்று சொல்வதில்லை.

லாரி எங்கே போகிறது என்பதும் இரகசியமன்று. சென்னையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 டன் குப்பை சேருகிறது. அதைப் பல்லாண்டுகளாகத் தெற்கே பெருங்குடியும் வடக்கே கொடுங்கையூரும் சுமந்து வந்திருக்கின்றன. காய்கறித் தோலும் சோற்றுப் பருக்கையும் காற்றுப் புகாத அடுக்குகளுக்கடியில் நசுங்கி அழுகும்போது மீத்தேன் என்ற எரிவாயு பிறக்கிறது. அது தீப்பற்றிக்கொண்டால், பக்கத்திலேயே கிடக்கும் காகிதமும் பிளாஸ்டிக்கும் அந்தத் தீக்கு விறகாகின்றன. 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு நாட்கணக்கில் எரிந்து, சுற்றுப்புறத்து மக்களைப் புகையில் திணறடித்தது. அதே ஆண்டிலேதான், அந்த மேடு எந்தச் சதுப்பு நிலத்தின் மேல் ஏறி நிற்கிறதோ அந்தப் பள்ளிக்கரணைக்கு ராம்சர் தலம் என்ற சர்வதேச அந்தஸ்தும் கிடைத்தது! இப்போது, கொட்டியதைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் 'பயோமைனிங்' வேலைக்குப் பல நூறு கோடி ரூபாய் செலவாகிறது. அடுப்பங்கரையில் அரை நிமிஷத்தில், செலவில்லாமல் செய்திருக்கக்கூடிய காரியத்தை, வருஷங்கள் கழித்து இயந்திரம் வைத்துச் செய்துகொண்டிருக்கிறோம்.

நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பெரும்பாதி ஈரக் குப்பை. இந்தப் பெரும்பாதி லாரியைக் காண வேண்டிய அவசியமே இல்லை. அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட ஒரு மண் தொட்டி அல்லது பழைய வாளி. அடியில் கொஞ்சம் தேங்காய் நார். அன்றாடம் விழும் தோலும் காம்பும் தேயிலைச் சக்கையும். அவற்றின் மேல் ஒவ்வொரு முறையும் இரண்டு கைப்பிடி சருகு. எப்போதாவது ஒரு கரண்டி புளித்த மோர். இவ்வளவுதான் உபாயம். நாற்றமடிக்குமே என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சருகைப் போட்டுக் கிளறிவிட்டால் அது அடங்கிவிடும். இரண்டு மூன்று மாதங்களில் அது கருமண்ணாகித் துளசிச் செடிக்கு ஆகிறது. இந்தத் தொட்டியில் விழுந்ததை எந்த லாரிக்காரராலும் எதனோடும் கலக்க முடியாது.

மற்றப் பாதியைக் குறைக்கும் வழி, அது வீட்டுக்குள் நுழையுமுன் வாசலிலேயே தடுப்பதாகும். ஹோட்டலில் நான்கு இட்டிலி வாங்குகிறோம். அதற்கு ஓர் இலை, அதைச் சுற்றி ஒரு காகிதம், சாம்பாருக்கு ஒரு பை, இரண்டு சட்டினிக்கு இரண்டு பைகள், அவற்றைக் கட்ட நூல், எல்லாவற்றையும் சுமக்க மற்றொரு பை. உண்ணும் நேரம் பத்து நிமிஷம். ஒரு தூக்குச்சட்டியைக் கையோடு எடுத்துப்போயிருந்தால் இவற்றில் எதுவுமே பிறந்திராது. பால் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: மூலையை முழுதும் வெட்டி எறிந்தால் அந்தத் துணுக்கைப் பொறுக்குவார் இல்லை, ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டி, கழுவி உலர்த்திச் சேர்த்து வைத்தால், பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஷாம்பு சாஷேக்கோ அந்த யோகமும் இல்லை. வெவ்வேறு பொருள்களை ஏடு ஏடாக ஒட்டிச் செய்த அந்த உறையை எந்தக் கடைக்காரரும் வாங்குவதில்லை. சாஷே முறைக்கு இந்நாட்டில் முன்னோடியாகக் கருதப்படுபவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். ஏழையின் கைக்கும் எட்ட வேண்டும் என்ற அவர் எண்ணத்தில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் பெரிய புட்டி வாங்கச் சக்தியுள்ள குடும்பங்கள், குளியலறையில் அதைச் சரம் சரமாகத் தொங்கவிடுவதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

"உற்பத்தி செய்பவனைத் தடுக்காமல் எங்களை ஏன் உபத்திரவப்படுத்துகிறீர்?" என்று கேட்பார்கள். தடுக்கத்தான் வேண்டும், தடுத்தும் இருக்கிறார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. தடை ஏட்டில் இருக்க, பைகள் கடையில் இருக்கின்றன. காரணம், கடைக்காரரின் பேராசை மட்டுமன்று, வெறுங்கையோடு வந்து நின்று "ஒரு கவர் கொடுங்க" என்று கேட்கிற நம்முடைய வழக்கமுந்தான். கல்யாண வீடுகளில் வாங்கிய தாம்பூலப் பைகள் பரணில் மூட்டையாகக் கிடக்க, நாம் கடைதோறும் புதுப் பைக்குக் கையேந்துகிறோம்.

ஆகவே, மாநகராட்சியைக் கேள்வி கேட்காதீர்கள் என்பதன்று என் கட்சி. கேட்கிற யோக்கியதையைச் சம்பாதித்துக்கொண்டு கேளுங்கள் என்பதே. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், ஈரம், உலர்ந்தது, அபாயகரமானது என்று பிரித்துக் கொடுக்கும் கடமையை வீட்டுக்காரர் மேலும், பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுபோகும் கடமையை நகர நிர்வாகத்தின் மேலும் சேர்த்தே சுமத்தின. ஒரு பக்கம் தவறியதைக் காட்டி மறுபக்கமும் தவறிவிட்டால், இரு தரப்பாருக்கும் சாக்குக் கிடைக்கிறதேயன்றி, பள்ளிக்கரணைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஈரத்தைத் தன் தொட்டியிலேயே முடித்து, எஞ்சிய உலர்குப்பையைத் தனியாகக் கட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எதற்காக அதோடு கலக்கிறீர்கள்?" என்று வண்டியை நிறுத்திக் கேட்கிற குடும்பத்துக்கு நிர்வாகம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சாம்பாரில் ஊறிய செய்தித்தாளைக் கொடுத்துவிட்டு லாரியைத் திட்டுகிறவருக்குப் பதில் சொல்ல அதற்கு அவசியமே இல்லை. கலக்கும் வேலையை அவரே முன்கூட்டி முடித்துக் கொடுத்துவிட்டார்.