அடியில நூல் சிக்குதுன்னு மெஷினை விப்பாங்களா?

"தையல் மெஷின் சரியா ஓடலைங்க, எக்ஸ்சேஞ்சுல போட்டுடலாம்னு இருக்கோம்." இந்த வசனத்தை நம்ம மக்கள் வாயால எத்தனை தடவை கேட்டாச்சு! லேக் மார்க்கெட்ல வாழைப்பூ வாங்கும்போது ஒரு மாமி, ஆபீஸ்ல மாற்றலாகிப் போற ஒரு அதிகாரி, சென்னையில இருந்து ஃபோன்ல ஒரு அக்கா. மெஷினுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா பத்துல எட்டு பேர் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். "அடியில நூல் கொசகொசன்னு சிக்கிக்குது."

இதுக்காகவா விக்கறது? சொல்லுங்க.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். வீட்டுல இருக்கற கறுப்பு இரும்பு மெஷினை விக்காதீங்க. கடைக்குத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் அதோட உக்காருங்க. முக்கியமா, ஸ்க்ரூ டிரைவர் யார் தைக்கறாங்களோ அவங்க கையில இருக்கணும். நம்ம வீடுகள்ல ஒரு வினோதமான வழக்கம் இருக்கு. தைக்கறது அம்மா. சிக்கிக்கிட்டா மட்டும் "அப்பா ஞாயித்துக்கிழமை பார்ப்பார்". அப்பா ஞாயித்துக்கிழமை பேப்பர்தான் பார்க்கறார் :-)

எங்க வீட்டு மெஷின் உஷா. அம்மாவோடது. ரயில் பார்சல்ல ஹவுரா வரைக்கும் வந்து, அங்கேருந்து டாக்குரியாவுக்கு வேன்ல ஏறி வந்தது. வந்தப்புறம் துடைக்கும்போதுதான் உடம்புல வார்ப்பா இருக்கற எழுத்தைப் படிச்சேன். ஜெய் என்ஜினியரிங் வொர்க்ஸ், கல்கத்தா. அட, பிறந்த ஊருக்கே திரும்பி வந்திருக்கு! 1930கள்ல பிஷன் தாஸ் பேசில்ங்கறவர் இந்த ஊர்ல ஆரம்பிச்சது. பிறகு டெல்லி லாலா ஸ்ரீராம் குழுமத்துக்குக் கைமாறி நாடு முழுக்கப் போச்சு. பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில இருந்த அந்தத் தொழிற்சாலை எங்க வீட்டுலேருந்து ஆட்டோ தூரம். இப்ப அங்க சௌத் சிட்டி அடுக்குமாடிகளும், 2008ல திறந்த மாலும் நிக்குது. அந்த இடத்துல இன்னிக்கு ரெடிமேட் சட்டை விக்கறாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன்.

அடியில நூல் சிக்கினா எல்லாரும் உடனே பாபின் கேஸைக் கழட்டி, அதுல இருக்கற குட்டி ஸ்க்ரூவைத் திருக ஆரம்பிச்சுடறாங்க. பாவம் அது ஒரு தப்பும் பண்ணலை. மெஷின் எப்படித் தைக்குதுன்னு ஒரு தடவை மெதுவா சக்கரத்தைக் கையால உங்க பக்கமா சுத்திப் பாருங்க. ஊசி மேல்நூலைக் கீழே கொண்டு போகும். லேசா மேல ஏறும்போது அந்த நூல்ல ஒரு சின்ன வளையம் விழும். அதை ஷட்டிலோட மூக்கு கொத்திக்கிட்டுப் போய் பாபின் கேஸை ஒரு சுத்து சுத்தி விடும். அதுக்கப்புறம் மேல இருக்கற நூல் தூக்கி (ஏறி இறங்குமே, அந்தக் கொக்கி) மிச்ச நூலை வெடுக்குனு மேல இழுத்துக்கும். எலியாஸ் ஹோவ் 1846ல பேட்டண்ட் வாங்கினதும் மேல ஒரு நூல், கீழ ஒரு நூல்னு பூட்டற இந்தத் தையலுக்குத்தான்.

இப்ப யோசிங்க. மேல்நூலுக்குப் பிடிப்பு இல்லைன்னா என்ன ஆகும்? கீழ போன வளையம் சரியா மேல வராது. அங்கேயே தங்கும். அடுத்ததும் தங்கும். பத்து தையல்ல ஒரு குருவிக்கூடு ரெடி. அதாவது, அழுக்கு தெரியறது கீழே, கோளாறு இருக்கறது மேலே! இது ஒண்ணு புரிஞ்சா பாதி மெக்கானிக் நீங்க.

அதனால முதல் வேலை, மேல்நூலை மொத்தமா உருவிட்டுத் திரும்பக் கோக்கறது. கோக்கும்போது பிரஷர் ஃபுட் மேல தூக்கி இருக்கணும். ஃபுட் கீழ இருந்தா டென்ஷன் தட்டு ரெண்டும் இறுக்கமா ஒட்டிக்கிட்டிருக்கும், நூல் நடுவுல உட்காராம வெளியிலேயே தொங்கும். நூல் தூக்கியை விட்டுட்டுக் கோத்திருந்தாலும் இதே குருவிக்கூடுதான். டென்ஷன் தட்டுக்குள்ள நூல் துணுக்கு மாட்டியிருந்தாலும் அதேதான். ஒரு மெல்லிய துணியை மடிச்சு நடுவுல விட்டு இழுத்தா வந்துடும். இதெல்லாம் ஆனப்புறம், மேல ஒரு கலர் கீழ ஒரு கலர் நூல் போட்டு பழைய துணியில ஒரு வரி ஓட்டுங்க. மேல் கலர் அடியில எட்டிப் பார்த்தா மேல் டென்ஷனை அரைச் சுத்து இறுக்குங்க. கீழ் கலர் மேல வந்து நீளமா படுத்திருந்தா தளர்த்துங்க. அவ்ளோதான்.

பாபின் கேஸைச் சந்தேகப்படணும்னா அதுக்கும் ஒரு சோதனை இருக்கு. பாபினைப் போட்டு, வெளியே வர்ற நூலைப் பிடிச்சுத் தொங்க விடுங்க. தானா சர்ருனு இறங்கினா ரொம்பத் தளர்ச்சி. கையை லேசா உதறினா ஒரு அங்குலம் இறங்கி நின்னா, அதைத் தொடவே தொடாதீங்க.

தையல் விட்டு விட்டு விழுதா? ஊசியை மாத்துங்க. நூல் அறுந்துக்கிட்டே இருக்கா? ஊசியை மாத்துங்க. டொக் டொக்னு சத்தமா? அதுக்கும்தான். ஊசி உடையற வரைக்கும் ஓட்டறதுங்கறது நம்ம தேசிய குணம். முனை மழுங்கின ஊசி துணியைக் குத்தறதில்லை, இடிக்குது. எட்டு மணி நேரம் தைச்சா ஒரு ஊசின்னு கணக்கு வச்சுக்கங்க. மாட்டும்போது முட்டற வரைக்கும் மேல தள்ளி மாட்டணும். ஊசியில நீளமா ஒரு பள்ளம் இருக்கும் பாருங்க, அந்தப் பக்கம் இருந்துதான் நூல் உள்ளே போகணும். சாதா காட்டனுக்கு 14, மெல்லிசு பட்டுக்கு 11, ஜீன்ஸுக்கு 16. ஒரே ஊசியால எல்லாத்தையும் தைச்சுட்டு மெஷினைத் திட்டக்கூடாது.

அடுத்தது எண்ணெய். இங்கதான் பெரிய அநியாயமெல்லாம் நடக்குது. தேங்காயெண்ணெய் விடறாங்க மக்களே! அது கொஞ்ச நாள்ல பிசினாகி, உள்ள இருக்கற பஞ்சுத் தூசியோட சேர்ந்து கோந்து மாதிரி இறுகிடும். மிதி கனமா இருக்கு, முட்டி வலிக்குதுன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு டாக்டர் வேண்டாம், மெஷின் எண்ணெய் போதும். இறுகிப்போன மெஷினுக்கு ஜன்னலைத் திறந்து வச்சு (மோட்டார் இருந்தா பிளக்கைப் பிடுங்கிட்டு) எண்ணெய் ஓட்டைகள்ல மண்ணெண்ணெய் ரெண்டு ரெண்டு சொட்டு விட்டு, கையால நல்லா சுத்தி, வர்ற கறுப்பையெல்லாம் துடைச்சுடுங்க. ஒரு ராத்திரி விட்டுட்டு, மறுநாள் தண்ணி மாதிரி இருக்கற தையல் மெஷின் எண்ணெய். பிறகு பழந்துணியில கொஞ்ச நேரம் தைச்சுட்டுத்தான் நல்ல துணியை வைக்கணும். ஊசிக்குக் கீழ இருக்கற தகட்டை ரெண்டு ஸ்க்ரூவில கழட்டினா, துணியைத் தள்ளற பல்லுக்கு நடுவுல கம்பளி மாதிரி ஒண்ணு கிடைக்கும். அது உங்க பத்து வருஷத் தூசி. பழைய பல் பிரஷ் போதும். ஊதாதீங்க, உள்ளே போயிடும்.

இந்த ஊர்ல இன்னொரு எதிரி, காத்துல இருக்கற ஈரம். ஜூன்ல ஆரம்பிச்சா துர்கா பூஜை வரைக்கும் அப்பளமே விறைப்பா நிக்காது, இரும்பு எம்மாத்திரம்? பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீங்க, உள்ளே வேர்க்கும். துணி உறைதான். தைக்காத மாசங்கள்ல ஃபுட்டுக்கு அடியில ஒரு துண்டுத் துணியை வச்சு ஃபுட்டை இறக்கி விட்டா, வழியற எண்ணெயை அது குடிச்சுக்கும். வாரம் ஒரு தரம் சும்மாவாவது சக்கரத்தைச் சுத்துங்க. தோல் பெல்ட் மழையில தொங்கிப் போயிருந்தா புதுசு வாங்க ஓடாதீங்க. அரை அங்குலம் வெட்டிட்டு அதே கம்பிக் கொக்கியை மாட்டினா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்.

குளிர்காலம் வந்தா இங்க தெருவுல துனுரிங்க வருவாங்க. தோள்ல வில் மாதிரி ஒண்ணு, அதைத் தட்டி "டொய்ங் டொய்ங்"னு பஞ்சு கொட்டி லேப் தைச்சுக் குடுப்பாங்க. அதைவிட எனக்குப் பிடிச்சது காந்தா. பழைய புடவைகளை அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு, குழந்தைக்குப் போர்வை. ('கந்தை'ங்கற நம்ம வார்த்தையும் இந்தக் காந்தாவும் ஒரே வேர்தான்.) தக்ஷிணாபண் கடைகள்ல காந்தாத் தையல் புடவை விலையைப் பார்த்து மயக்கம் போட்டவங்க கை தூக்குங்க. கையால போட்டவளுக்கு அதுல எவ்வளவு போகுதுங்கறது தனிச் சண்டை, இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

கையால போட நேரமில்லாதவங்க அம்மாவோட பழம்புடவையை மெஷின்லயே போர்வை ஆக்கலாம். ஊசி 16 அல்லது 18. தையல் நீளத்தைக் கூட்டுங்க. மேல இருக்கற ஃபுட் அழுத்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்க, இல்லைன்னா மேல் புடவை மட்டும் நழுவி சுருக்கம் விழும். சாணுக்கு ஒரு ஊக்கு குத்திட்டு, நடுவுலேருந்து ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போகணும். சுருட்டின போர்வையை மெஷின் கழுத்துக்குள்ள திணிக்கறதுதான் கஷ்டம். அமெரிக்காவுல இதுக்குன்னே லாங்-ஆர்ம் மெஷின்னு வீட்டுல வச்சிருக்காங்க. கழுத்தே ஒன்றரை அடிக்கு மேல. போர்வை பத்துப் பன்னெண்டு அடி சட்டத்துல விறைப்பா நிக்கும், மெஷின்தான் அதுமேல நகர்ந்து தைக்கும். அதை வச்சா எங்க ஃபிளாட் ஹால்ல மனுஷங்க நிக்க முடியாது! அங்க இருக்கற சிநேகிதி புலம்பறதைக் கேட்டா சிரிப்புதான் வருது. அடியில நூல் சிக்குதாம், தையல் விடுதாம். லட்சக்கணக்குல விலை, ஆனா மருந்து அதே மருந்துதான். நூலைத் திரும்பக் கோ, ஊசியை மாத்து, தூசியைத் தட்டு, எண்ணெய் விடு.

இதுக்கு ஏன் இவ்வளவு கோபப்படறேன்னா, தொழில் சம்பந்தம் இருக்கு. 2023ல வந்த விஸ்வகர்மா திட்டத்துல தையல்காரங்களும் உண்டு. 15,000 ரூபாய்க்குக் கருவி, முதல்ல 1 லட்சம், பிறகு 2 லட்சம் வரைக்கும் கடன், 5 சதவீத வட்டி. நல்ல திட்டம். தமிழ்நாட்டுல சத்தியவாணி முத்து அம்மையார் பேர்ல இலவச மெஷின் தர்றாங்க, அதுவும் நல்லதுதான். ஆனா கடனுக்கு மேஜைக்கு முன்னாடி வந்து உக்கார்ற பெண்கிட்ட நாங்க கேக்கறது கொட்டேஷன், வருமானம், தவணை. "மெஷின் நின்னா யார் பார்ப்பாங்க?"ன்னு எந்தப் படிவத்துலயும் கட்டம் கிடையாது. பூஜைக்கு முந்தின வாரம் மூணு நாள் மெஷின் நின்னா அவளோட அந்த சீசனே போச்சு. தவணை தவறினதுக்குக் காரணம்னு ஒரு மழுங்கின ஊசியை யாரும் எழுதப் போறதில்லை. பயிற்சியில பிளவுஸ் வெட்டறதுக்குத் தர்ற முக்கியத்துவத்தை, மெஷினைப் பிரிச்சுப் பூட்டறதுக்கும் தரணும். தலைமை அலுவலகம் கேக்குதோ இல்லையோ, என் மேஜைக்கு வர்றவங்ககிட்ட நான் அந்தக் கேள்வியைக் கேக்கறேன்.

பி.காம்.ல தேய்மானம்னு ஒரு பாடம் படிச்சோமே, ஞாபகம் இருக்கா? அந்தக் கணக்குப்படி எங்க மெஷினோட மதிப்பு எப்பவோ ஒத்தை ரூபாய்க்கு வந்தாச்சு. இந்தப் பக்கம் ஒரு கடையில எக்ஸ்சேஞ்சுக்கு விசாரிச்ச பக்கத்து வீட்டுக்காரம்மாகிட்ட, மெஷினைத் திறந்துகூடப் பார்க்காம எடை எவ்வளவு இருக்கும்னு கேட்டிருக்காங்க. வீட்டுக்கு வந்து நூலை உருவித் திரும்பக் கோத்தோம். ஓடுது.

மெக்கானிக்கே வேண்டாம்னு சொல்லலை. ஊசி இறங்கற நேரமும் ஷட்டில் வர்ற நேரமும் ஒத்துப் போகலைன்னா, ஷட்டில் மூக்கு உடைஞ்சிருந்தா, மோட்டார்ல தீஞ்ச வாசனை வந்தா, கண்டிப்பா கூப்பிடுங்க. கேக்கற காசைக் குடுங்க. வயசானவங்கதான் இந்த வேலையில மிச்சம் இருக்காங்க, பையன்கள் மொபைல் ரிப்பேருக்குப் போயாச்சு. அவர் வேலை செய்யும்போது டீ குடுத்துட்டு உள்ளே போயிடாம, பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பாருங்க. எந்த ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பறார்னு கேளுங்க. கேட்டா சொல்லித் தர்றாங்க, எனக்குப் பாதி வங்காளியே அப்படி வந்ததுதான் :-)